மதுரைக் கோட்டையை இடித்தது யார்?

மாசிவீதிக்காரன்: "பிளாக்பர்ன் என்ற வெள்ளைக்காரக் கலெக்டர் மதுரைக் கோட்டையை அழித்தார்" என்று ஒருவர் எழுதியதை நேற்றிலிருந்து ஆளாளுக்குப் பகிர்கிறீர்கள். எரிச்சலாக இருக்கிறது. மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பவருக்கே அந்த நிலம் என்றுதான் பிளாக்பர்ன் அறிவித்தார். கடப்பாரை எடுத்தது நம் ஊர்க்காரர்கள். இடித்தது யார்?

கல்வெட்டுப்பித்தன்: ஆசை காட்டியவர்தான். விசுவநாத நாயக்கர் 72 கொத்தளங்களோடு எழுப்பிய மதில் அது. 1763-64ல் கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்த மருதநாயகம் என்ற யூசுப்கான் அதன் படையை மாதக்கணக்கில் வெளியே நிறுத்தியது அந்த மதிலை நம்பித்தான். அது நின்றால் அவர்களுக்கு உறுத்தாதா?

மாசிவீதிக்காரன்: அது உங்கள் யூகம். நாயக்கரே பழைய பாண்டியர் கோட்டையை இடித்துவிட்டுத்தானே புதிதாகக் கட்டினார்? அவருக்கு மாலை, இவருக்கு வசவா? என் கேள்விக்குப் பதில் வரவில்லை. இடித்தது யார்?

வைகைக்கரை: நாயக்கர் இடித்துப் பெரிதாகக் கட்டினார். கலெக்டர் என்ன கட்டினார்?

மாசிவீதிக்காரன்: மதிலும் அகழியும் போன இடத்தில்தானே வெளி வீதிகள் வந்தன? அந்த வேலையைப் பார்த்த சர்வேயர் மாரட், பெருமாள் மேஸ்திரி, இரண்டு பேர் பெயரிலும் இன்றும் வீதி இருக்கிறது. மதிலுக்குள் நெரிசல், அகழியில் அழுக்குத் தண்ணீர், நோய். அதையெல்லாம் தீர்த்ததால்தான் பிளாக்பர்ன் நினைவாக விளக்குத்தூண் வைத்தார்கள். வைத்தது லண்டன்காரரா?

கல்வெட்டுப்பித்தன்: தூணைக் காட்டி வாயை அடைக்காதீர்கள்.

கோவைச்செல்வி: அதை விடுங்கள். கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று அடுக்கடுக்காக விரியும் வீதிகள், மதுரையைத் தாமரைக்கும் தெருக்களை அதன் இதழ்களுக்கும் ஒப்பிட்ட சங்க நூலான பரிபாடல் சொன்ன தாமரையேதான். 2000 ஆண்டாக மாறவில்லை.

வைகைக்கரை: மாறவில்லையா? சித்திரைத் தேர் ஏன் மாசி வீதியில் ஓடுகிறது? மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார். கோவையில் உட்கார்ந்துகொண்டு பேசினால் இதெல்லாம் தெரியாது.

கோவைச்செல்வி: ஊரைச் சொல்லி மட்டம் தட்டாதீர்கள். திருவிழா மாதம் மாறினால் தெரு மாறிவிடுமா?

கல்வெட்டுப்பித்தன்: பெரியார் பேருந்து நிலையம் பக்கம் ஒரு கொத்தளம்தான் மிச்சம். அதைப் பார்த்தும் மாசிவீதிக்காரருக்கு வயிறு எரியவில்லை.

மாசிவீதிக்காரன்: எரிகிறது ஐயா. அதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். நிலத்துக்காக இடித்தது யார்?

கல்வெட்டுப்பித்தன்: அந்த நிலத்தைத் தூக்கிக் கொடுக்கக் கலெக்டருக்கு யார் உரிமை கொடுத்தது? முதலில் அதைச் சொல்லுங்கள்.