தலைமையாசிரியர் தன் வேலையையே செயலாராய்ச்சிக்கு எடுக்கலாமா?

புதுவயல் எச்.எம்.
புதுவயல் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியை நான். என்னோடு சேர்த்து ஐந்து பேர். இந்த வருடம் ஒரு செயலாராய்ச்சி (நம் வேலையில் உள்ள சிக்கலை நாமே ஒரு மாற்றம் செய்து பார்த்து ஆராய்வது) செய்ய ஆசை. கிடைக்கிற மாதிரிகள் எல்லாம் 'ஆறாம் வகுப்பு வாசிப்புத் திறனை மேம்படுத்துதல்' ரகம்தான்: முன்தேர்வு, பின்தேர்வு, நடுவில் நாலு மின்னட்டை (ஃபிளாஷ் கார்டு). எனக்கு உறுத்துவது வேறு. வகுப்பை உற்றுநோக்கிவிட்டுப் பதிவேட்டில் எழுதுகிறேன், ஆசிரியர் கையெழுத்துப் போடுகிறார். அடுத்த முறை போனாலும் எல்லாம் பழையபடியே. இதைத் தலைப்பாக எடுக்கலாமா?

தேவகோட்டை, பணி ஓய்வு
தாராளமாக எடுங்கள் டீச்சர். உளவியலாளர் கர்ட் லெவின் 1946-இல் செயலாராய்ச்சி பற்றி எழுதியது பள்ளிக்கூடத்துக்காகவே இல்லை, சிறுபான்மையினர் பிரச்சினைக்காக. 1953-இல் அமெரிக்கக் கல்வியாளர் ஸ்டீபன் கோரி பள்ளிகளுக்கென்று எழுதியபோது நிர்வாகிகளையும் சேர்த்தே சொன்னார். நம் ஊரில்தான் பிள்ளைகள் மேல் மட்டும் செய்வது என்று ஆகிவிட்டது.

கேள்வியை மட்டும் உங்கள் பக்கம் திருப்புங்கள்: நான் பார்க்கும் விதத்தை மாற்றினால் வகுப்பில் என்ன மாறும்? நான் பதிவேட்டை அறையிலேயே வைத்துவிட்டு, "இன்றைக்கு எதைப் பார்க்கட்டும்?" என்று ஆசிரியரிடமே கேட்டேன். கணக்கு ஆசிரியர், "யார் யாரைக் கேள்வி கேட்கிறேன்னு மட்டும் பாருங்க சார்" என்றார். இருக்கைகளை வரைந்து, அவர் கேள்வி கேட்ட பிள்ளைக்கெல்லாம் ஒரு கோடு போட்டேன். ஜன்னல் பக்கம் ஒரு கோடுகூட இல்லை. தாளைக் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த முறை வரைந்ததையும் இதையும் பக்கத்தில் வைத்தால் அதுதான் தரவு.

புதுவயல் எச்.எம்.
பிடித்திருக்கிறது சார். ஆனால் என் அணுகுமுறை எப்படி என்று அவர்களிடமே கேட்டால் "நல்லா இருக்கு மேடம்" என்பார்கள். பெயர் போடாமல் எழுதச் சொல்லவும் முடியாது, நாலு பேர் கையெழுத்தும் எனக்கு அத்துப்படி!

கானாடுகாத்தான் வாத்தியார்
பக்கத்துப் பள்ளி எச்.எம்.மை உங்கள் ஆசிரியர்களிடம் பேசச் சொல்லுங்கள், நீங்கள் அவர் பள்ளிக்குப் போய்ப் பேசுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். யார் சொன்னது என்று சொல்லாமல் சாரத்தை மட்டும் அவர் சொல்வார். என் பள்ளியில் வந்த பதில்: "எப்பவும் கடைசி பீரியடுக்கே வர்றார்." காலையில் எமிஸ் (கல்வித் துறையின் இணையத் தகவல் தளம்) பதிவு முடிந்தால்தானே எழுந்திருக்க முடிகிறது! தேர்வு வாரத்தில் மட்டும் தொடங்காதீர்கள், யாரும் மனம் விட்டுப் பேசமாட்டார்கள்.

புதுவயல் எச்.எம்.
சரி, திங்கட்கிழமை கேட்டுப் பார்க்கிறேன். தேவகோட்டை சார், அந்தப் படத்தை அறிக்கையில் இணைத்தீர்களா?

தேவகோட்டை, பணி ஓய்வு
இணைத்தேன். வகுப்பு, பாடம், பிள்ளைகள் பெயர் எல்லாம் எடுத்துவிட்டு, முதலில் அந்தக் கணக்கு ஆசிரியரிடம் காட்டிக் கேட்டுக்கொண்டு.