ஜிமிக்கியில் தங்கப் பூச்சு வெளுத்துப்போகுது: போன் கேமராவுக்கு மலிவா என்ன லைட் வைக்கலாம்?

மண்ஜிமிக்கி:
வணக்கம். சுடுமண் நகைகளை வாட்ஸப்பில் படம் போட்டு விற்கிறேன். படத்தில் மூணு குறை. தங்க நிற அக்ரிலிக் பூசிய இடம் வெள்ளைப் புள்ளியாத் தெரியுது. செங்கல் சிவப்பு ஆரஞ்சா மாறுது. வெள்ளை சார்ட்டில் வைத்து எடுத்தால் சார்ட் அழுக்குச் சாம்பலா விழுது. கையில் இருப்பது 9 வாட் மஞ்சள் எல்இடி போட்ட டேபிள் லேம்ப், கூடத்து டியூப் லைட், சாதாரண ஆண்ட்ராய்டு போன். இன்னும் பெரிய பல்பு வாங்கினால் தீருமா? ஆயிரம் ரூபாய்க்குள் முடியணும்.

நிழல்வெளி:
பல்பைப் பெரிசாக்காதீங்க, வெளிச்சம் வருகிற பரப்பைப் பெரிசாக்குங்க. தங்கப் பூச்சு கிட்டத்தட்ட கண்ணாடி மாதிரி. எதிரில் இருப்பதை அப்படியே காட்டும். எதிரில் வெறும் பல்பு இருந்தால் வெள்ளைப் புள்ளி. அகலமான வெள்ளைத் தாள் இருந்தால் மெல்லிய பளபளப்பு.

ஒரு A3 டிரேசிங் பேப்பரை அட்டைச் சட்டத்தில் ஒட்டி, நகைக்கு இடப்பக்கம் 15 செ.மீ. தள்ளி நிறுத்துங்க. தாளுக்குப் பின்னால் 30 செ.மீ. தூரத்தில், நகையைவிட உயரத்தில், லேம்ப். பல்பைத் தாளோடு ஒட்டி வைத்தால் நடுவில் ஒரு வட்டம்தான் எரியும், மீதித் தாள் இருட்டு. அப்புறம் தாள் வைத்தும் பயனில்லை, அதே புள்ளி திரும்ப வரும். தாள் முழுக்க ஒரே சீரா வெளுக்கிறதான்னு கண்ணால் பார்த்து தூரத்தை முடிவு பண்ணுங்க.

ஆரஞ்சுக்குக் காரணம் ரெண்டு நிற வெளிச்சம் கலப்பது. மஞ்சள் பல்பையும் வெள்ளை டியூபையும் கேமராவால் ஒரே நேரத்தில் சரிக்கட்ட முடியாது. டியூபை அணைத்துவிட்டு 6500K (பகல் வெளிச்சம் மாதிரி வெள்ளை) பல்பு ஒன்றே ஒன்று போடுங்க. பெட்டியில் CRI (நிறத்தை எவ்வளவு உண்மையாக் காட்டும் என்கிற அளவு) 90-க்கு மேல் என்று போட்டிருந்தால் கொஞ்சம் விலை கூடினாலும் வாங்கலாம். சாதாரண எல்இடியில் அடர்சிவப்பு குறைச்சல், சுடுமண் அதில் செத்த மாதிரி தெரியும். அறைச் சுவர் பச்சையோ ரோஸோ என்றால் அந்தச் சாயலும் நகையில் ஏறும். அந்தப் பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் நிறுத்திவிடுங்க.

சாம்பல் பின்னணி கேமராவின் கணக்கு. படம் முழுக்க வெள்ளை என்றால் "வெளிச்சம் அதிகம்" என்று நினைத்து அதுவே குறைத்துக்கொள்ளும். திரையில் நகை மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டிவிட்டு, சூரியக் குறியை மேலே இழுங்க. புரோ மோடில் (கேமரா அளவுகளை நாமே மாற்றும் முறை) வெளிச்ச அளவு +0.7 முதல் +1 வரை போதும். அதுக்கு மேல் போனால் தங்கம் மறுபடி வெளுக்கும்.

அட்டைப்பெட்டி:
இதைவிட எளிது லைட் பாக்ஸ். 45 செ.மீ. அட்டைப்பெட்டி எடுத்து, மூணு பக்கமும் 5 செ.மீ. ஓரம் விட்டு வெட்டி, டிரேசிங் பேப்பர் ஒட்டி, ரெண்டு பக்கமும் ரெண்டு பல்பு. உள்ளே சார்ட்டை மடிக்காமல், பின்சுவரிலிருந்து தரைக்கு வளைவாக இறக்கணும். மடிப்பு விழுந்தால் படத்தில் கோடு தெரியும்.

நிழல்வெளி:
பெட்டி தப்பில்லை, கண்ணாடி வளையல், பட்டுநூல் கம்மலுக்கு நல்லாவே வரும். சுடுமண்ணுக்கு நான் சொல்ல மாட்டேன். ரெண்டு பக்கமும் சமமா வெளிச்சம் விழுந்தால் ஊசியால் கீறிய கோலமும் முத்து முத்தா வைத்த புள்ளியும் தட்டையாகிடும். வேலைப்பாடு தெரிய நிழல் வேணும். ஒரு பக்கம் மட்டும் லைட், எதிர்ப்பக்கம் தெர்மாகோல். நிழல் கறுப்பா இருந்தால் தெர்மாகோலைக் கிட்டே நகர்த்துங்க, வெளிறிப்போனால் தள்ளி வைங்க. பத்து செ.மீ. மாற்றமே நல்லாத் தெரியும்.

தறிநூல்:
பகலில் எடுப்பதாக இருந்தால் பல்பே வேண்டாம். நேர்வெயில் விழாத ஜன்னல், அதில் வெள்ளை வேட்டி ஒற்றை மடிப்பாக. சொட்டு நீலம் போட்டுத் துவைத்த வேட்டி ஆகாது, நீலச்சாயல் வரும் :)

இன்னொன்று: போனை நகைக்கு மூக்கருகே கொண்டுபோகாதீங்க. 8 செ.மீ.யில் எடுத்தால் ஜிமிக்கியின் முன்பக்கம் ஊதி, குடை கோணும். போனின் நிழலும் விழும். 35-40 செ.மீ. தள்ளி நின்று 2x வைத்து எடுங்க. 2x லென்ஸ் தனியா இல்லாத போன் என்றால் 1x-லேயே எடுத்து அப்புறம் வெட்டிக்கலாம். லென்ஸைப் பருத்தித் துணியால் துடைங்க, விரல் எண்ணெய்ப் பிசுக்குதான் பாதிப் படங்களை மங்கலாக்குது. கம்மலை நிறுத்த டபுள் சைடு டேப் துண்டு போதும். பிள்ளைகள் விளையாடும் கலர் களிமண் வேண்டாம், பெயிண்ட் பூசாத மண் அதில் உள்ள எண்ணெயை உறிஞ்சிக் கறை பிடிக்கும்.

மண்ஜிமிக்கி:
நன்றிங்க. ஒரு பல்பும் தெர்மாகோலும் வைத்துப் பார்த்தேன். தங்கம் தங்கமாவே வருது, சார்ட்டும் வெளுத்தது. ஆனால் இப்போ படத்தில் குறுக்கே மங்கலான பட்டை பட்டையா விழுது. போன் கெட்டுப்போச்சா?

நிழல்வெளி:
போன் நல்லாத்தான் இருக்கு. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். மலிவு எல்இடி வினாடிக்கு 100 தடவை மினுக்கும். போன் சென்சார் படத்தை வரிவரியா வாசிப்பதால் அந்த மினுக்கல் பட்டையா பதியுது. புரோ மோடில் ஷட்டர் (வெளிச்சம் வாங்கும் நேரம்) 1/50 அல்லது 1/100 வினாடி, ISO (வெளிச்சத்துக்கு சென்சாரின் உணர்திறன்) 100. இருட்டா இருந்தால் ISO-வை ஏற்றாமல் லேம்பையும் தாளையும் சேர்த்துக் கிட்டே கொண்டுவாங்க. 1/50-க்குக் கை நடுங்கும், அதனால் போனைச் செங்கல்லில் சாய்த்து 2 வினாடி டைமர் போடுங்க. புரோ மோடு இல்லாத போன் என்றால் வேறு கம்பெனி பல்பு மாற்றிப் பாருங்க, எல்லாப் பல்பும் ஒரே அளவுக்கு மினுக்காது.