மெமரி கசிவு: பாதுகாப்பு ஓட்டையா, வெறும் பிழையா?

தலவாக்கலை_தம்பி எழுதியது:
தலவாக்கலையில் ஒரு டியூட்டரிக்கு நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். 256 எம்பி ரேம் உள்ள சின்ன லினக்ஸ் ரவுட்டர். பொகவந்தலாவைக் கிளை 4ஜி வழியாக இதற்கு எல்2டிபி டனல் (இணையத்துக்குள் போடும் தனி வழி) போடுகிறது. மழைக்காலத்தில் எட்டு ஒன்பது நாளுக்கு ஒரு தடவை ரவுட்டர் செத்துவிடும். ப்ராசஸ்கள் எதுவும் ரேமைத் தின்னவில்லை. மெமரிக் கணக்கைக் காட்டும் மெம்இன்ஃபோவில் எஸ்அன்ரிக்ளெய்ம் என்ற வரி மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. லினக்ஸின் மையமான கேர்னல் தனக்கென எடுத்து, மீட்க முடியாமல் இருக்கும் மெமரி அது.

மூன்று வாரம் குறித்து வைத்துப் பார்த்தேன். மழையில் சிக்னல் போய் வரும்போதெல்லாம் டனல் அறுந்து மறுபடி கட்டப்படுகிறது. அறும் ஒவ்வொரு தடவையும் சுமார் 40 கேபி மெமரி திரும்பி வராமல் கசிகிறது. நல்ல மழை நாளில் 300 தடவை அறுகிறது. பெட்டியை விற்ற கம்பனிக்கு இதைப் பாதுகாப்புக் குறைபாடு என்று எழுதினேன். "சாதாரணப் பிழை, ரீபூட் செய்யுங்கள்" என்று பதில் வந்தது. எனக்கு அப்படிப் படவில்லை. உங்கள் கருத்து என்ன?

பனிமூட்டம் (நுவரெலியா) எழுதியது:
தம்பி, கம்பனி சொன்னது சரி. விடியற்காலை நான்கு மணிக்கு ரீபூட் ஆகும்படி ஒரு க்ரான் வரி (நேரம் குறித்துத் தானாக ஓடும் கட்டளை) போடுங்கள், வேலை முடிந்தது. நான் பார்க்கும் எல்லா இடத்திலும் அப்படித்தான்.

2024 பெப்ரவரியில் லினக்ஸ் கேர்னல் குழு தானே சிவிஇ எண் (பாதுகாப்புக் குறைகளுக்கான பொது அடையாள எண்) கொடுக்கத் தொடங்கியது. அதிலிருந்து கேர்னலில் திருத்துகிற சின்னச் சின்னக் கசிவுக்கெல்லாம் எண் விழுகிறது, ஆயிரக்கணக்கில். ஒரு ஆள் நான்கு இடத்தைப் பார்க்கிற ஊரில் யார் அத்தனையையும் படிப்பது? எல்லாமே பாதுகாப்பு என்றால், உண்மையில் ஆபத்தானது அந்தக் குவியலுக்குள் காணாமல் போய்விடும். எனக்கு அந்தப் பயம்தான் பெரிது.

ஊவாக்காரி (பதுளை) எழுதியது:
குவியல் பற்றி அண்ணன் சொல்வது உண்மை. ஆனால் கசிவு என்றாலே ஆபத்தில்லை என்பதை ஏற்க மாட்டேன்.

ஒரு சாதாரண புரோகிராம் மெமரியைத் திருப்பிக் கொடுக்க மறந்தால், அது முடியும்போது கேர்னல் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். கேர்னலே மறந்தால் வாங்க ஆள் இல்லை, ரீபூட் வரை போனது போனதுதான். நெட்வொர்க் கோடில் இது பெரும்பாலும் பிழை நேரும் பாதையில்தான் நடக்கும். பாக்கெட்டுக்கு இடம் ஒதுக்குவார்கள், நடுவில் ஏதோ தவறும், உடனே ரிட்டர்ன். ஒதுக்கியதை விடுவிக்கிற வரி அந்தப் பாதையில் இருக்காது. இல்லையென்றால் ரெஃபரன்ஸ் எண்ணிக்கையை (ஒரு பொருளை எத்தனை பேர் பாவிக்கிறார்கள் என்ற கணக்கு) ஒன்று கூட்டிவிட்டுக் குறைக்க மறந்திருப்பார்கள்.

பீலியில் சொட்டுகிற தண்ணீருக்கு யாரும் பயப்படுவதில்லை. ரோட்டில் போகிறவன் வந்து குழாயைப் பிடுங்க முடியுமா என்பதைத்தான் பார்க்க வேண்டும். தம்பி, அந்த டனலை அறுக்க மழையைத் தவிர வேறு யாரால் முடியும்? தப்பான பாஸ்வேர்ட் கொடுத்தாலும் 40 கேபி போகிறதா? எல்2டிபியில் பாஸ்வேர்ட் கேட்பது அதன் உள்ளே ஓடும் பிபிபி என்ற இன்னொரு நெறிமுறை. அது கேட்பதற்கு முன்பே கேர்னல் செஷனைக் கட்டி முடித்திருக்கும்.

பனிமூட்டம் எழுதியது:
தங்கச்சி, இதெல்லாம் "முடியுமா முடியுமா" என்கிற கேள்விகள். வெறும் கசிவுக்காக எந்த இயங்குதளமாவது உண்மையில் பாதுகாப்பு அறிவிப்பு விட்டிருக்கிறதா?

ஊவாக்காரி எழுதியது:
விட்டிருக்கிறது. 2015 ஜூலையில் ஃப்ரீபிஎஸ்டி விட்டது. டிசிபி இணைப்புகள் மூடப்படுவதன் கடைசிக் கட்டமான லாஸ்ட்-அக் நிலையில் நிரந்தரமாக மாட்டிக்கொண்டன. அவை பிடித்துவைத்த எம்பஃபும் (பாக்கெட்டுக்கான மெமரித் துண்டு) சாக்கெட்டும் (இணைப்பின் முனை) திரும்பி வராமல் கடைசியில் தீர்ந்துவிடும். சிவிஇ-2015-5358.

இன்னொன்றும் உண்டு, நெட்வொர்க் கோட் இல்லை, லினக்ஸ் கேர்னலில் சாவிகளை வைத்திருக்கும் கீரிங் பகுதி: சிவிஇ-2016-0728. அங்கே ஒரே பொருளின் ரெஃபரன்ஸ் எண்ணிக்கை கசிந்தது, மெமரி குறையவே இல்லை. 32 பிட் எண் சுற்றி வந்து பூச்சியமானதும் கேர்னல் அந்தப் பொருளை விடுவித்தது, ஆனால் அதைப் பாவிக்கிறவர் இன்னும் இருந்தார். சாதாரணப் பயனர் ரூட் (முழு அதிகாரம் உள்ளவர்) ஆகிவிடலாம். கண்டுபிடித்தவர்களின் கணினியில் அதற்குச் சுமார் அரை மணி நேரம் பிடித்தது. இப்படிச் சுற்றி வராமல் உச்சத்திலேயே நிற்கும் எண்ணிக்கை வகை, ரெஃப்கவுண்ட்-டி, 2017 இல், 4.11 கேர்னலில்தான் வந்தது. தம்பியின் பெட்டியில் கேர்னல் எது?

பீலிக்கரை (மஸ்கெலியா) எழுதியது:
ஒன்று சொல்ல வேண்டும். இங்கே புது ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் ஓடும் மென்பொருள்) ஏற்றும்போது கரன்ட் போனால் பெட்டியே போய்விடும். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு ரவுட்டர் அப்படிப் போய், புதிது வாங்க ஒரு தவணை ஆனது. யுபிஎஸ் இல்லாதவரிடம் "அப்டேட் போடு" என்று சொல்வதற்கு முன் இதையும் யோசியுங்கள்.

தலவாக்கலை_தம்பி எழுதியது:
கேர்னல் 4.4, அக்கா. 2022 பெப்ரவரியோடு ஆதரவு முடிந்த வரிசை.

நேற்று இரவு டியூட்டரி மூடிய பிறகு, அனுமதி வாங்கி, வெளியிலிருந்து என் லேப்டாப்பில் சோதித்தேன். இல்லாத பெயர், தப்பான பாஸ்வேர்ட், 500 தடவை. எஸ்அன்ரிக்ளெய்ம் 20 எம்பி ஏறியது. இறங்கவே இல்லை.

பனிமூட்டம் அண்ணே, கணக்கைப் பாருங்கள். பெட்டியில் மிச்சம் இருப்பது 100 எம்பி அளவு, 2,500 தடவைக்குள் தீர்ந்துவிடும். ஒரு செக்கனுக்கு இரண்டு தடவை என்றால் 21 நிமிடம். நான்கு மணிக்கு ரீபூட் செய்தால் நாலரைக்குள் மறுபடி விழுத்திவிடலாம், பாஸ்வேர்டே வேண்டாம். சாதாரணதரப் பரீட்சைக்கு முந்தின வாரம் பொகவந்தலாவைப் பிள்ளைகள் பார்ப்பது இந்த டனல் வழியாக வரும் வகுப்பைத்தான். அவர்களுக்கு வேறு வகுப்பு இல்லை.

பனிமூட்டம் எழுதியது:
தப்பான பாஸ்வேர்டுக்கே கசிகிறது என்றால் பேச்சு வேறு. இது பாதுகாப்புப் பிரச்சினை, ஒத்துக்கொள்கிறேன். கம்பனிக்கு அந்த 500 தடவைக் கணக்கோடு மறுபடி எழுதுங்கள், மழைக் கதையை விட்டுவிடுங்கள். மழை என்றதும்தான் அவர்கள் லைன் பிரச்சினை என்று ஒதுக்கியிருப்பார்கள்.

ஆனால் பொதுவாகச் சொன்னதை மாற்ற மாட்டேன். நீங்கள் சோதித்ததால் தெரிந்தது. சிவிஇ எண் இருந்திருந்தாலும் அது இதைச் சொல்லியிருக்காது.

ஊவாக்காரி எழுதியது:
எண் இல்லாவிட்டால் கம்பனி திருத்தவே திருத்தாது, அண்ணே. அங்கேதான் நாம் பிரிகிறோம்.

தம்பி, கம்பனிக்காகக் காத்திருக்க வேண்டாம். எல்2டிபி வரும் வாசலான யுடிபி 1701 ஐ இணையத்துக்கு நேராகத் திறந்து வைக்காதீர்கள். கிளையின் 4ஜி முகவரி மாறிக்கொண்டிருப்பதால் முகவரி வைத்து வடிகட்ட முடியாது. முன்னால் ஐபிசெக் (சாவி சரிபார்த்து மறையாக்கம் செய்யும் அடுக்கு) போடுங்கள், சாவி இல்லாதவன் எல்2டிபி வரை வரவே மாட்டான். மழையில் டனல் அறுவதால் வரும் கசிவு இருக்கும், அதற்கு மட்டும் அண்ணனின் நான்கு மணி ரீபூட்.

தலவாக்கலை_தம்பி எழுதியது:
இரண்டும் போட்டுவிட்டேன். வெளியிலிருந்து மறுபடி 500 தடவை அடித்தேன், எண் அசையவில்லை. கம்பனிக்கு நேற்றே எழுதினேன், பதில் வந்ததும் இங்கே போடுகிறேன். பீலிக்கரை அண்ணே, ஃபர்ம்வேர் வந்தால் டியூட்டரி யுபிஎஸ்ஸில் வைத்துத்தான் ஏற்றுவேன்.