ஜார்ஜ் ஜோன்ஸை வயலின்கள் மூழ்கடித்தனவா?

தகரக்கூரை:
அமெரிக்க கன்ட்ரி இசைப் பாடகர் ஜார்ஜ் ஜோன்ஸ் என்று யாராவது வாயெடுத்தால் போதும், அடுத்த பேச்சு 1980-இல் வந்த ‘ஹி ஸ்டாப்டு லவிங் ஹெர் டுடே’தான். சாகும்வரை ஒருத்தியை மறக்க முடியாதவனின் சவ ஊர்வலப் பாட்டு. நல்ல பாட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் அது ஹாங்கி டாங்க் இல்லை, அதாவது மதுக்கடைகளில் வளர்ந்த கன்ட்ரி இசை வகை இல்லை. அதை வைத்து அவரை ஹாங்கி டாங்க் பாடகர்களின் தலைவர் என்று கொண்டாடுவது எனக்கு ஒப்பவில்லை.

ஹாங்கி டாங்க் வளர்ந்த இடம் எது? 1933-இல் மதுவிலக்கு நீங்கிய பிறகு டெக்சாஸ் எண்ணெய் வயல்களைச் சுற்றி முளைத்த மதுக்கடைகள். கூலி வாங்கிய கையோடு வருகிற கூட்டம், பாட்டில் உடையும் சத்தம், நடுவில் ஒரு கைகலப்பு. இத்தனையையும் தாண்டிப் பாட்டு காதில் விழ வேண்டும் என்றுதான் கிடாரில் மின்சாரம் ஏறியது. ஜோன்ஸ் அந்த மண்ணின் பிள்ளை. 1931-இல் கிழக்கு டெக்சாஸின் சாரட்டோகாவில் பிறந்தார். சிறுவயதிலேயே போமான்ட் நகரத் தெருக்களில் நின்று பாடிக் காசு சேர்த்தார். ‘ஒய் பேபி ஒய்’, ‘ஒயிட் லைட்னிங்’, ‘தி ரேஸ் இஸ் ஆன்’ ஆகிய மூன்றையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். குரல் சவுக்கு மாதிரி சொடுக்கும்.

1971-இல் அவர் எபிக் இசைத்தட்டு நிறுவனத்துக்குப் போனார், தயாரிப்பாளர் பில்லி ஷெரிலிடம் சிக்கினார். நாட்டுப்புறப் பாணியில் ஒற்றைப் பிடில் இழைத்த இடத்தில் வயலின் கூட்டம் வந்து உட்கார்ந்தது. பின்னால் கல்யாண மண்டபம் நிறைய ஆட்கள் நின்று “ஊ, ஆ” என்கிறார்கள். மதுக்கடைப் பாடகனுக்குக் கோட்டு சூட்டு மாட்டி வரவேற்பறையில் உட்கார வைத்துவிட்டார்கள் என்பதுதான் என் வாதம். மறுப்பவர்கள் வரலாம்.

நள்ளிரவுக் கேட்பாளர்:
வந்துவிட்டேன், ஐயா. முதலில் ஒரு சிறு கேள்வி. கோரஸைக் கொண்டுவந்தவர் ஷெரிலா? 1962-இல் கன்ட்ரி பாடல் தரவரிசையில் முதலிடம் பிடித்த ‘ஷி திங்ஸ் ஐ ஸ்டில் கேர்’ பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். ஷெரில் வருவதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முந்தையது. அதில் பின்னால் நின்று பாடுகிறவர்கள் யார்? நீங்கள் சொல்லும் பொற்காலத்திலேயே மண்டபம் நிறைந்துவிட்டது.

இப்போது குரலுக்கு வருகிறேன். மதுக்கடையில் பாடுகிறவர் கத்த வேண்டும், உச்சத்தில் நின்று மூக்கால் துளைக்க வேண்டும். இளைய ஜோன்ஸ் அதைத்தான் செய்தார். அதிலும் பாதி இரவல். 1954-இல் ஸ்டார்டே நிறுவனத்தின் பாப்பி டெய்லி அவரை உட்கார வைத்து, “ராய் அகஃப் மாதிரி பாடிவிட்டாய், ஹாங்க் வில்லியம்ஸ் மாதிரி பாடிவிட்டாய், லெஃப்டி ஃப்ரிஸெல் மாதிரியும் ஆயிற்று. ஜார்ஜ் ஜோன்ஸ் மாதிரி பாட வருமா?” என்கிற பொருளில் கேட்ட கதை எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் கேள்விக்கு முழுப் பதில் கிடைத்தது ஷெரிலிடம்தான் என்று நான் நினைக்கிறேன். அவர் ஜோன்ஸைக் கீழ்ச்சுருதிக்கு இறக்கினார். 1974-இன் ‘தி கிராண்ட் டூர்’ அதற்குச் சாட்சி. மனைவி விட்டுப்போன வீட்டை ஒருவன் அறை அறையாகச் சுற்றிக் காட்டுகிறான், அவ்வளவுதான் பாட்டு. பல்லைக் கடித்துக்கொண்டு, தாடையை அசைக்காமல், ஒரே அசையை மூன்று நான்கு சுரங்களில் வளைத்து இறக்குகிறார். நம் காதுக்குக் கமகம் என்றே கேட்கும். அந்த வளைவின் அடியில் மூச்சு உடைகிறது பாருங்கள், அது எந்த மதுக்கடையிலும் கேட்டிருக்காது. பாட்டில் சத்தத்தில் போயிருக்கும்.

கணக்கர்:
இருவருக்கும் பொதுவாகச் சில செய்திகள். ‘ஒய் பேபி ஒய்’ நான்காம் இடத்தோடு நின்றது. அதே பாட்டை ரெட் சோவினும் வெப் பியர்ஸும் சேர்ந்து பாடி முதலிடத்துக்குக் கொண்டுபோனார்கள். ஜோன்ஸின் முதல் முதலிடம் 1959-இன் ‘ஒயிட் லைட்னிங்’, கள்ளச்சாராயத்தைப் பற்றிய கும்மாளப் பாட்டு. எழுதியவர் ‘பிக் பாப்பர்’ என்று அறியப்பட்ட ஜே. பி. ரிச்சர்ட்சன். ராக் அண்ட் ரோல் பாடகர் பட்டி ஹாலியோடு விமான விபத்தில் இறந்தவர். பாட்டு மேலே ஏறியபோது அவர் உயிரோடு இல்லை.

‘ஒய் பேபி ஒய்’ பதிவில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதை சன்னி பர்ன்ஸ் என்பவரோடு சேர்ந்து பாடுவதாக ஏற்பாடு. அவர் வரவேயில்லை. வேறு வழியில்லாமல் ஜோன்ஸ் தன் குரலுக்குத் தானே துணைக்குரல் பாடிப் பதிந்தார். பின்னாளில் கச்சேரிக்கு வராததற்காகவே ‘நோ ஷோ ஜோன்ஸ்’ என்று பெயர் வாங்கிய மனிதரின் முதல் வெற்றி, இன்னொருவர் வராமல் போனதால் அப்படி அமைந்தது!

தகரக்கூரை ஐயா ஷெரிலுக்கு முந்தைய காலத்தைப் பொற்காலமாகப் பேசுகிறார். 1965 முதல் மியூசிகார் நிறுவனத்தில் ஐந்தாறு ஆண்டுகளில் ஏறத்தாழ 300 பாடல்கள். அதில் எத்தனையைத் திரும்பக் கேட்க முடியும் என்று மனசாட்சியைத் தொட்டுச் சொல்லட்டும்.

தகரக்கூரை:
முந்நூறில் இருநூறு பதர் என்று ஒப்புக்கொள்கிறேன். மிச்சம் நூறு நெல் போதும் எனக்கு.

புதுக்காது:
இவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. கார் சாவியை மனைவி ஒளித்துவைத்ததால், புல் வெட்டும் இயந்திரத்தில் ஏறி உட்கார்ந்து எட்டு மைல் தள்ளி இருந்த மதுக்கடைக்குப் போனவர்தானே? சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது.

செவ்வந்தி:
சிரிக்கலாம் தம்பி, அவரே அதைச் சொல்லிச் சிரித்தவர்தான். பாடகர் வின்ஸ் கில்லின் ஒரு பாட்டுக்காக எடுத்த காணொளியில் புல் வெட்டும் இயந்திரத்தோடு வந்து தலை காட்டிவிட்டும் போனார். ஆனால் அந்தக் கதையில் ஒரு பெண் இருக்கிறாள். சாவிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒளித்துவைத்தவள், அவருடைய இரண்டாம் மனைவி ஷர்லி. அன்று மாலை அவள் என்ன நினைத்துக்கொண்டு அந்த வீட்டில் இருந்தாள் என்று இந்தக் கதையைச் சொல்லும் யாரும் கேட்பதில்லை.

வயலினா பிடிலா என்று நீங்கள் அடித்துக்கொள்ளுங்கள். எனக்கு உறுத்துவது வேறு. இவருடைய குடியை அவர் கலையின் உரம் மாதிரி எல்லோரும் பேசுகிறீர்கள். அவருடைய அப்பாவும் குடிகாரர். மூத்த மகள் ஒருத்தி காய்ச்சலில் இறந்த பிறகு குடி முற்றியது. நடு இரவில் குடித்துவிட்டு வந்து, தூங்கும் பையனை எழுப்பிப் பாடச் சொல்வார், பாடாவிட்டால் அடி. அந்தப் பையன்தான் வளர்ந்து பெரியவனாகி, டிக்கெட் வாங்கிய கூட்டம் காத்திருக்கும்போது மேடைக்கு வராமல் ஓடினான். 1979-இல் மட்டும் 54 கச்சேரிகள். எனக்கு இதில் வேடிக்கை எதுவும் தெரியவில்லை. பாடு என்ற கட்டளையிலிருந்து தப்பி ஓடுகிற குழந்தைதான் தெரிகிறது. இது என் ஊகம், அவர் அப்படிச் சொன்னாரா என்று கணக்கர் கேட்டுவிட வேண்டாம்.

கணக்கர்:
கேட்கத்தான் இருந்தேன். விட்டுவிட்டேன்.

தகரக்கூரை:
செவ்வந்தி அம்மா சொன்னதை வைத்தே ஷெரில்மேல் இன்னொரு குற்றம் சாட்டுகிறேன். 1969-இல் ஜோன்ஸ் பாடகி டாமி வைனட்டை மணந்தார். இருவருக்கும் தயாரிப்பாளர் இதே ஷெரில். கல்யாணம் தள்ளாடும்போது ‘பிடித்துக்கொண்டு நிற்போம்’ என்று ஜோடிப்பாட்டு, 1973-இல் முதலிடம். 1975-இல் விவாகரத்து. அதற்குப் பிறகும் விடவில்லை. அடகுக்கடைக்குத் திரும்பிவரும் கல்யாண மோதிரத்தைப் பற்றி 1976-இல் ‘கோல்டன் ரிங்’, அதுவும் முதலிடம். ஒரு குடும்பம் உடைந்ததைத் தவணை முறையில் விற்றார்கள். மதுக்கடை இதைவிட நேர்மையான இடம். அங்கே காசு கொடுத்தால் சரக்கு, அவ்வளவுதான்.

நள்ளிரவுக் கேட்பாளர்:
விற்றார்கள், உண்மை. ஆனால் பாடிய இருவரும் குழந்தைகள் இல்லையே. பிரிந்த பிறகும் ஒரே ஒலிவாங்கிக்கு முன்னால் நிற்க அவர்களுக்கு ஏதோ காரணம் இருந்தது. பணம் என்று ஒரே சொல்லில் முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

சவ ஊர்வலப் பாட்டுக்கு வருவோம். பாபி பிராடக்கும் கர்லி புட்மனும் எழுதினார்கள். ஷெரிலுக்குத் திருப்தி இல்லை. அந்தப் பெண் கடைசியில் அவனைப் பார்க்க வருவதாக ஓர் இடம் வேண்டும் என்று திரும்பத் திரும்ப எழுத வைத்தார். ஜோன்ஸுக்குப் பாட்டே பிடிக்கவில்லை, இந்தச் சாவுப் பாட்டை எவன் வாங்குவான் என்று திட்டினார். அப்போது அவர் இருந்த நிலைமை தெரியுமல்லவா: கடன், கொக்கெய்ன், எலும்பும் தோலுமாக உடம்பு. மெட்டை மறந்து வேறொரு பாட்டின் மெட்டில் பாடுவாராம். பாட்டின் நடுவே நான்கு வரியைப் பாடாமல் பேச வேண்டும். அங்கேதான் பதிவு மாதக்கணக்கில் முட்டிக்கொண்டு நின்றது. போதையில் பாடும்போது தனக்கு நாக்கு குழறாது, பேசினால் குழறும் என்று ஜோன்ஸே பிற்பாடு சொன்னார். இந்த ஒரு செய்திக்காகவே அந்த நான்கு வரியை நான் மறுபடி மறுபடி கேட்கிறேன். போதையில் தெளிவாகப் பேச வராத ஒருவர் எத்தனை நாள் முயன்று பிடித்த தெளிவு அது!

இதன்பின் 1981-இல் ‘ஸ்டில் டூயிங் டைம்’ வந்தது. மதுக்கடையே சிறைச்சாலை, அதில் ஆயுள் கைதியாக ஒருவன். அதுவும் ஷெரில் தயாரிப்புதான், முதலிடம். ஹாங்கி டாங்க் செத்துவிட்டது என்றால் இது எந்த வகை, ஐயா?

செவ்வந்தி:
குடிதான் அவரைப் பாட வைத்தது என்கிறவர்கள் பின்னால் நடந்ததையும் பார்க்க வேண்டும். 1983-இல் நான்சியை மணந்த பிறகு மெல்ல மெல்ல மனிதர் திரும்பி வந்தார். மேடைக்கும் வந்தார். 1999 மார்ச்சில் மறுபடி குடித்துவிட்டு வண்டியைப் பாலத்தில் மோதிச் சாகப் பிழைத்தார். அதோடு விட்டுவிட்டார். அந்த ஆண்டு வந்த ‘சாய்ஸஸ்’ பாட்டை கன்ட்ரி இசைச் சங்கத்தின் விருது விழாவில் சுருக்கிப் பாடச் சொன்னார்கள். முடியாது என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். பாடகர் ஆலன் ஜாக்சன் மேடையில் தன் பாட்டைப் பாதியில் நிறுத்தி ‘சாய்ஸஸ்’ பாடினார். வாழ்க்கையில் ஒருமுறை நியாயமான காரணத்துக்காக வராமல் இருந்தார் என்று அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கர்:
சேர்த்துக்கொண்டேன். கூடவே இதையும்: 81 வயதில், 2013 ஏப்ரல் 6 அன்று நாக்ஸ்வில்லில் கடைசிக் கச்சேரி. ஏப்ரல் 26 அன்று இறந்தார். மூச்சு வாங்கிக்கொண்டே பாடினார், ஆனால் வந்தார்.

புதுக்காது:
மன்னிக்கவும், நான் இன்னும் ஒரு பாட்டுகூட முழுதாகக் கேட்கவில்லை. எதில் தொடங்குவது?

தகரக்கூரை:
‘ஒயிட் லைட்னிங்’. இரண்டு முறை கேள். பிறகு இவர்கள் சொல்லும் எதை வேண்டுமானாலும் கேள்.

நள்ளிரவுக் கேட்பாளருக்கு: நேற்று இரவு ‘ஸ்டில் டூயிங் டைம்’ போட்டுப் பார்த்தேன். அது ஹாங்கி டாங்க்தான். அந்த ஒன்றைத் தருகிறேன். உங்கள் சவ ஊர்வலப் பாட்டையும் கேட்டேன். பேசும் இடம் வந்தபோது, நீங்கள் எழுதியது நினைவுக்கு வந்து எழுந்து உட்கார்ந்தேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வயலின்கள் மாடிப்படி ஏறுகிற மாதிரி ஏறுகின்றனவே, அங்கே இன்னும் பல் கூசுகிறது.

நள்ளிரவுக் கேட்பாளர்:
அந்த இடத்தில் மட்டும் ஒலியைக் குறைத்துவிடுங்கள், ஐயா.

தகரக்கூரை:
குறைத்துப் பார்த்தேன். அவர் குரலும் சேர்ந்து குறைகிறதே. முதலிலிருந்து நான் சொல்லிக்கொண்டிருப்பது அதைத்தான்.