டூ ஸ்ட்ரோக் எக்ஸ்எல்: இழுவை தேடிப் போன அனுபவங்கள்

(ஒவ்வொரு பகுதியின் தலைப்பும் அதை எழுதியவரின் ஊர்.)

சேந்தமங்கலம்

அப்பா ஓட்டிய டிவிஎஸ் எக்ஸ்எல் சூப்பர் மொபெட் இப்போது என்னிடம் இருக்கிறது. 69.9 சிசி, டூ ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஒருமுறை ஏறி இறங்குவதற்குள் ஒரு தடவை எரிந்து தள்ளும் வகை. வாழைத்தார் ஏற்றி ஏற்றியே பின் கேரியர் ஒரு பக்கம் சாய்ந்துவிட்ட வண்டி. 1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்த காலத்தைப் பார்த்த எங்கள் தாத்தா, இந்த வகை வண்டிகளைக் கடைசிவரை "எஞ்சின் சைக்கிள்" என்றுதான் சொன்னார். எங்கள் வீட்டுச் சோறு அந்த எஞ்சின் சைக்கிளில்தான் வந்தது. அதனால் இதை விற்க மனம் வரவில்லை.

ஆறு தார் கட்டிக்கொண்டு பாலம் ஏறும்போது வண்டி திணறும். மூன்றரை குதிரைத்திறன் எஞ்சின், அதற்கு மேல் என்ன எதிர்பார்ப்பது என்று அப்பா விட்டுவிட்டார். நான் விடவில்லை. வீடியோக்களைப் பார்த்துவிட்டு, எக்ஸாஸ்ட் போர்ட்டை, அதாவது சிலிண்டர் சுவரில் புகை வெளியேறும் துளையை, உயர்த்தினால் பவர் ஏறும் என்று முடிவு செய்தேன்.

பேரலை (பிஸ்டன் ஓடும் சிலிண்டர்) கழற்றி உள்ளே ஒரு காகிதத்தைச் சுருட்டி வைத்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்து, போர்ட்டுகளின் உருவத்தை எடுத்துக்கொண்டேன். அதுவரை சரியாகத்தான் செய்தேன். அப்புறம் கிரைண்டரை எடுத்து எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல் விளிம்பை 2 மி.மீ. உயர்த்தினேன். இந்த எஞ்சினின் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 42 மி.மீ.தான். இவ்வளவு சிறிய ஸ்ட்ரோக்கில் போர்ட்டை 1 மி.மீ. உயர்த்தினாலே அது திறந்திருக்கும் நேரம் எஞ்சின் அச்சின் சுழற்சியில் சுமார் 6 டிகிரி கூடிவிடும். 2 மி.மீ. என்றால் 12 டிகிரி. இந்தக் கணக்கை வெட்டிய பிறகுதான் போட்டேன்.

வெறும் வண்டியாக ஓட்டினால் நன்றாகத்தான் இருந்தது. சமதளத்தில் முன்பைவிட வேகம், சத்தமும் கூர்மை. தார் ஏற்றியதும் கதை மாறியது. நின்ற இடத்திலிருந்து நகரவே எஞ்சினை முழுக்க முறுக்க வேண்டியிருந்தது. கிளட்ச் வழுக்கி வழுக்கிச் சூடேறியது. பாலத்தின் பாதியில் இறங்கித் தள்ளினேன். அப்பா பின்னால் கைகொடுத்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

நாமக்கல்லில் ஒரு லேத் பட்டறை அண்ணனிடம் பேரலைக் கொண்டுபோனேன். லாரி வேலை பார்ப்பவர், ஆனால் பழைய டூ ஸ்ட்ரோக் என்றால் கை வேலையை நிறுத்திவிட்டு வருவார். பேரலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் கண்ணை ஒட்டிப் பார்த்தார். விரலை உள்ளே விட்டு போர்ட் விளிம்பைத் தடவினார்.

"முனையை மழுக்கவே இல்லியே கண்ணு. பிஸ்டன் ரிங்கு இதுல மாட்டியிருந்தா தெறிச்சிருக்கும்."

அப்புறம், "உன் வண்டில கியர் எத்தனை?" என்று கேட்டார்.

"கியரே இல்லைங்கண்ணா."

"அப்ப மேல் சுத்துல மட்டும் இழுக்கற எஞ்சினை வெச்சுக்கிட்டு பாலத்துல என்ன பண்ணுவே?"

நான் யோசிக்காமல் விட்டது இதுதான். போர்ட் சீக்கிரம் திறந்தால், எரிந்த வாயு பிஸ்டனைத் தள்ளும் தூரம் குறையும். பிஸ்டன் மேலே வரும்போதும் போர்ட் தாமதமாகத்தான் மூடும், ஆகவே அழுத்தப்படும் அளவும் குறையும். எஞ்சின் சுற்று (நிமிடத்துக்கு எத்தனை தடவை சுழல்கிறது என்பது) ஏற ஏற இதை ஈடுகட்டலாம். கியர் உள்ள வண்டியில் கியரைக் குறைத்து சுற்றை மேலேயே வைத்துக்கொள்ளலாம். எக்ஸ்எல்லில் ஒரே கியர், நடுவே சுற்று ஏறினால் தானாகப் பிடிக்கும் ஒரு சென்ட்ரிஃபியூகல் கிளட்ச். கீழ்ச்சுற்றில் இழுவை போனால் வண்டியே போன மாதிரி.

நாகப்பட்டினம்

நாங்கள் எதையும் வெட்டவில்லை. ஆனால் கிட்டத்தட்ட வெட்டியிருப்போம், அதனால் எழுதுகிறேன்.

அண்ணன் மீன் பெட்டி கட்டி ஓட்டுவார். வண்டி மெல்ல மெல்ல இழுவை இழந்தது. முழு ஆக்ஸிலேட்டர் கொடுத்தாலும் 30ஐத் தாண்டவில்லை. காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் கார்புரேட்டரைப் பெரிதாகப் போட்டால் சரியாகும் என்று யாரோ சொன்னார்கள், அண்ணன் பணமும் எடுத்து வைத்துவிட்டார். எங்கள் தெரு மெக்கானிக் மாமா, "இருப்பா, முதல்ல அது மூச்சு விடுதான்னு பார்ப்போம்" என்று சைலன்சரைக் கழற்றினார். உள்ளே இருந்த குழலைப் பிடுங்கிக் காட்டினார். சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத்தான் ஓட்டை, மீதியெல்லாம் கருப்பு, மெழுகு மாதிரிக் கார்பன். விறகுத் தீயில் போட்டு எரித்து, ஆறியதும் தட்டி உதிர்த்தார். பிஸ்டனைக் கீழே இறக்கி எக்ஸாஸ்ட் போர்ட்டையும் மரக்குச்சியால் சுரண்டினார். இரும்பு ஸ்குரூடிரைவரை விடக் கூடாது, பிஸ்டனில் கோடு விழும் என்றார்.

அன்று மாலையே பெட்டியோடு பழைய வேகம் வந்துவிட்டது. காரணம் பெட்ரோலில் கலக்கும் எண்ணெய்தான். லிட்டருக்கு 20 மில்லி என்றால் அண்ணன் கண்ணளவில் 60, 70 மில்லி ஊற்றிக்கொண்டிருந்தார். எஞ்சினுக்கு நல்லது என்று நினைத்துச் செய்தது. இப்போது மூடியில் அளந்துதான் ஊற்றுகிறோம்.

சேலம்

எண்ணெய் பற்றிச் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஐடிஐயில் பல வருடம் பாடம் எடுத்தவன், மாணவர்கள் இதை நம்பவே மாட்டார்கள். எண்ணெய் அதிகம் கலந்தால் பெட்ரோல் கலவை நீர்த்துப்போகும். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட் வழியாகப் போகும் திரவத்தின் அளவு ஏறத்தாழ அதேதான். அதில் எண்ணெய் கூடினால் பெட்ரோல் குறையும், காற்றின் பங்கு கூடும், சூடும் கூடும். எண்ணெயை மாற்றினால் ஸ்பார்க் பிளக் முனையின் நிறத்தை மறுபடி பார்க்க வேண்டும். வறுத்த காபிக்கொட்டை நிறம் என்றால் சரி. வெள்ளை வெளேரென்று இருந்தால் அதே வேகத்தில் தொடர்ந்து ஓட்டாதீர்கள்.

ஏர் பில்டரைக் கழற்றி வீசிவிட்டு ஓட்டுவதும் இதே ஆபத்துதான். உறிஞ்சும் சத்தம் கேட்கப் பலமாக இருக்கும். காற்று கூடும், ஜெட் பழையதாகவே இருக்கும். சூட்டில் பிஸ்டன் பேரலோடு பிடித்துக்கொள்ளும். எங்கள் பக்கம் குவாரித் தூசி வேறு.

இன்னொன்று, உப்பிய வயிறு போன்ற அந்த எக்ஸ்பான்ஷன் சைலன்சர். கிழக்கு ஜெர்மனியில் எம்இசட் மோட்டார்சைக்கிள் நிறுவனத்தில் வால்டர் காடன் என்ற பொறியாளர் 1950களில் அதைப் பெரிய அளவில் வளர்த்தெடுத்தார். வாயு வெளியேறும்போது குழாய்க்குள் ஓர் அழுத்த அலை ஓடுகிறது. குழாய் விரியும் இடத்தில் அது உறிஞ்சும் அலையாகத் திரும்பிவந்து பழைய புகையை இழுத்துவிடுகிறது. குழாய் குறுகும் இடத்தில் பட்டுத் திரும்பும் அலை, வெளியே தப்பப் பார்க்கும் புதுக் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. வால்வே இல்லாத எஞ்சினுக்குக் காற்றாலேயே கதவு போட்ட மாதிரி. 1961இல் அவர்களுடைய 125 சிசி பந்தய எஞ்சின் 25 குதிரைத்திறன் கொடுத்தது. நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் புல்லரிக்கும்.

ஆனால் அந்த அலை சரியான நேரத்தில் திரும்புவது ஒரு குறுகிய சுற்று எல்லைக்குள் மட்டுமே. அதற்குக் கீழே அது தவறான நேரத்தில் வந்து கெடுக்கும். பந்தய வண்டிகளில் நிறைய கியர் வைத்தது அந்த எல்லையை விட்டு இறங்காமல் இருக்கத்தான். சேந்தமங்கலம் தம்பிக்கு லேத் அண்ணன் கேட்ட கேள்வியும் இதேதான்.

கோயம்புத்தூர்

என்னுடையது எக்ஸ்எல் இல்லை, சைக்கிளில் பொருத்தும் கிட். "80 சிசி" என்று விற்றார்கள். அளந்து பார்த்தேன், போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 47 மி.மீ., ஸ்ட்ரோக் 38 மி.மீ., கணக்குப் போட்டால் 66 சிசிதான். தோட்டத்துக்குள் ஓட்டத்தான் வாங்கினேன். ரோட்டில் ஓட்ட நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: 25 சிசிக்கு மேல் எஞ்சின் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டப்படி அது மோட்டார் வாகனம். பதிவும் லைசென்சும் இல்லாமல் ரோட்டுக்குக் கொண்டுவர முடியாது. எக்ஸ்எல்காரர்களும் ஆர்சி புத்தகத்தில் இருக்கும் விவரத்துக்கு மாறாக எதையும் மாற்றினால் அதே சட்டத்தின் 52ஆம் பிரிவில் சிக்கல் வரும்.

சரி, எஞ்சின் விஷயம். வந்த நிலையில் ஆக்ஸிலேட்டரை விட்டால் ஐடிலே நிற்கவில்லை. கார்புரேட்டருக்கும் பேரலுக்கும் நடுவிலிருந்த பேக்கிங் துளைக்குள் பாதி நீட்டிக்கொண்டிருந்தது. கார்புரேட்டரைப் பேரலோடு இணைக்கும் மேனிஃபோல்டின் துளையும் போர்ட்டின் துளையும் நேராக உட்காரவில்லை, விரலை விட்டால் ஒரு படி தட்டுப்பட்டது. பேக்கிங்கைப் புதிதாக வெட்டி, அந்தப் படியை அரத்தால் இழைத்துச் சமன் செய்தேன். இரண்டு மணி நேர வேலை. நான் செய்ததில் அதிகப் பலன் தந்தது இதுதான். பிறகு ஆசையாக மாற்றிய எதுவும் இதன் அருகில்கூட வரவில்லை.

ஆனாலும் சூடானதும் சுற்று தானாக ஏறும், ஆக்ஸிலேட்டரை விட்டாலும் இறங்காது. மேக்னட் பக்கம் எஞ்சின் அச்சைச் சுற்றி அடைக்கும் கிராங்க் ஆயில் சீல் வழியாகக் காற்று பிடித்துக்கொண்டிருந்தது. ஒருநாள் அப்படியே கத்திக்கொண்டு ஓடியது. சோக்கை இழுத்துத்தான் நிறுத்தினேன். புது சீல் போட்டதும் அடங்கியது.

எஞ்சின் சரியான பிறகுதான் பின் சக்கரத்தைக் கவனித்தேன். பல்சக்கரத்தை ஸ்போக்குகளுக்கு நடுவே கவ்வி இறுக்கும் கிட் அது. நான்கு ஸ்போக் உடைந்திருந்தன. சைக்கிள் பிரேக்கும் அந்த வேகத்துக்குப் போதாது. இப்போது தடிமனான ஸ்போக் போட்டு, முன்னால் டிஸ்க் வைத்திருக்கிறேன். இதற்குத்தான் முதலில் பணம் ஒதுக்கியிருக்க வேண்டும்.

சேந்தமங்கலம்

மறுபடி நான்தான். பேரலுக்கு அப்புறம் என்ன செய்தீர்கள் என்று பலர் கேட்டதால் எழுதுகிறேன்.

வெட்டிய பேரலைத் திருப்ப முடியாது. வேறொரு பேரல் தேடி வாங்கி ரீபோர் செய்து, அதாவது உள்ளே கடைந்து சற்று அகலமாக்கி, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டோம். எக்ஸாஸ்ட் போர்ட்டின் உயரத்தைத் தொடவில்லை. வார்ப்பில் பிசிறு இருந்த இடங்களை மட்டும் வழித்துவிட்டு, ரிங் உரசும் முனைகளையெல்லாம் மெல்லிய எமரித் தாளால் மழுக்கினோம்.

அடுத்து ஹெட், சிலிண்டரின் மேல்மூடி. லேத் அண்ணன் சாலிடர் ஈயக் கம்பியை வளைத்து, பிளக் ஓட்டை வழியாகச் சிலிண்டர் சுவரைத் தொடும்வரை விட்டு, மேக்னட்டைக் கையால் ஒரு சுற்று சுற்றினார். நசுங்கிய நுனியை வெர்னியரில் வைத்தோம்: 1.5 மி.மீ. பிஸ்டன் உச்சிக்கும் ஹெட்டுக்கும் விளிம்பில் இருக்கும் இடைவெளி அது. கலவை இன்னும் அழுந்தட்டும் என்று லேத்தில் ஹெட்டை 0.5 மி.மீ. மட்டும் சீவினார். 46 மி.மீ. போருக்கு அதனால் குறையும் இடம் வெறும் 0.8 சிசி. இவ்வளவு சின்ன அளவா என்று கேட்டேன். "மேல சீவுனா பிஸ்டன் முட்டும். முட்டலைன்னாலும் சுமையோட ஏறும்போது டக்குடக்குனு தட்டும்" என்றார். மறுபடி கம்பி விட்டுப் பார்த்தோம், சரியாக 1 மி.மீ.

கடைசியாக, செயின் ஓடும் பின் பல்சக்கரத்தில் (ஸ்ப்ராக்கெட்) இரண்டு பல் கூடுதலாக ஒன்று செய்து கொடுத்தார். உச்ச வேகம் குறைந்துவிட்டது, 50ஐத் தொடுவதே கஷ்டம். தார் ஏற்றும் வண்டிக்கு அது போதும்.

ஐந்நூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டிப் பழக்கிவிட்டு, ஒரு சந்தை நாளில் ஆறு தார் கட்டினோம். அப்பாதான் ஓட்டினார், நான் பின்னால் வேறு வண்டியில் போனேன். பாலத்தின் பாதியில் எஞ்சின் சத்தம் கொஞ்சம் தாழ்ந்தது, அப்படியே நின்று இழுத்தது. உச்சியைத் தாண்டியதும் அப்பா இடது கையை ஒருமுறை உயர்த்தினார்.

வெட்டிய பேரல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. போர்ட் உயர்த்தும் எண்ணத்தில் இருக்கும் நண்பர்கள் சொல்லுங்கள், அந்தக் காகிதப் படத்தையும் அளவுகளையும் போட்டோ எடுத்துப் போடுகிறேன். நாகப்பட்டினம் அண்ணனுக்கு ஒரு கேள்வி: சைலன்சரை எரிக்கும்போது குரோம் நிறம் மாறாமல் இருக்க மாமா ஏதாவது செய்தாரா?