ஸ்டெல்வியோ கணவாய்: எந்தப் பக்கம் ஏறுவது, எந்தப் பக்கம் இறங்குவது?

வடகரை:
ஜூலையில் வாடகை பைக்கில் இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாயைக் கடக்கத் திட்டம். 700 சிசி வண்டி, பின்னால் மனைவி, இரண்டு பக்கமும் பெட்டிகள். சாலையின் இடதுபுறம் ஓட்டியே பழகியவன் நான், அங்கே வலதுபுறம். தெற்கே போர்மியோ வழியாக ஏறி, வடக்கே பிராட்டோ பக்கமுள்ள அந்த 48 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கலாம் என்று நினைக்கிறேன். இறங்கும்போது பள்ளத்தாக்கு முழுக்கக் கண்முன் விரியுமே! இது சரிவருமா? பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும் என்று ஒரு நண்பர் பயமுறுத்துகிறார். அது நிஜமா, சும்மாவா?

பழையசெயின்:
தம்பி, திருப்பிப் போடுங்கள். பிராட்டோவில் ஏறி போர்மியோவில் இறங்குங்கள். காட்சியைப் பற்றிக் கவலை வேண்டாம். உச்சியில் வண்டியை நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தால் ஏறி வந்த பாதை மொத்தமும் மடிப்பு மடிப்பாகத் தெரியும். இறங்கும்போது எப்படியும் உங்கள் கண் அடுத்த வளைவில்தான் இருக்கும். பள்ளத்தாக்கைப் பார்த்தீர்கள் என்றால் வண்டியும் அந்தப் பக்கமே போகும்.

பிராட்டோ ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கணவாயின் உச்சி 2,757 மீட்டர். இந்த 1,800 சொச்சம் மீட்டரையும் சுமார் 25 கிலோமீட்டரில் ஏறிவிடுகிறீர்கள். வளைவுகளுக்கு எண் பலகை உண்டு. கீழே 48-இல் தொடங்கி மேலே போகப் போகக் குறையும். 1820-களில் குதிரை வண்டிகளுக்காகப் போட்ட தடம் இது. அதனால்தான் சில வளைவுகள் இவ்வளவு நெருக்கம். பேருந்து ஒன்று திரும்பினால் இரண்டு தடத்தையும் அதுவே எடுத்துக்கொள்ளும்.

வலதுபுறம் ஓட்டும்போது உங்களைச் சோதிப்பது வலது கொண்டை ஊசிதான். இடது வளைவில் வெளிவட்டத்தில் தாராளமாகச் சுற்றி வரலாம். வலது வளைவில் நீங்கள் உள்வட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். ஏற வேண்டிய உயரம் அதேதான், தூரம் மட்டும் குறைவு. ஆகவே அங்கே ஏற்றம் செங்குத்தாக இருக்கும். அதில் கியரை மாற்றத் தடுமாறி இன்ஜின் அணைந்தால், பெட்டியும் ஆளுமாகச் சேர்த்து வண்டி சாய்ந்துவிடும். வளைவுக்கு முன்னாலேயே முதல் கியரோ இரண்டாவதோ போட்டுவிடுங்கள். உங்கள் தடத்தின் இடது ஓரத்திலிருந்து தாமதமாகத் திரும்புங்கள். தலையை முழுசாகத் திருப்பி, வெளியேறும் சாலையைப் பாருங்கள். ஆக்ஸிலேட்டரை ஒரே சீராகப் பிடித்து, தேவைப்பட்டால் பின் பிரேக்கை லேசாக அழுத்தி வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள். ஹேண்டில்பார் மடங்கியிருக்கும் அந்த நேரத்தில் முன் பிரேக்கைத் தொடவே கூடாது, தொட்டால் வண்டி பொத்தென்று விழும்.

பிராட்டோ பக்கத்தில் ஏறச் சொல்வதற்கு இன்னொரு காரணம், உச்சியை நெருங்கும் மேல் பகுதியில் மரங்கள் கிடையாது. அண்ணாந்து பார்த்தால் மேலே இரண்டு மூன்று அடுக்குச் சாலை தெரியும், யார் இறங்கி வருகிறார்கள் என்பதும் தெரியும். பெரிய வண்டி வந்தால் வளைவுக்கு முன்பே நின்று விடுங்கள்.

இனி உங்கள் நண்பர் சொன்னது. நிஜம்தான், ஆனால் இரண்டு விஷயத்தை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். பிரேக் லீவர் கெட்டியாகவே இருக்கிறது, வண்டி மட்டும் நிற்கவில்லை என்றால் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பேட் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது. லீவர் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது என்றால் பிரேக் குழாயில் இருக்கும் திரவம் கொதித்து ஆவிக் குமிழி வந்துவிட்டது. டாட் 4 வகை பிரேக் திரவம் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ் வரை தாங்க வேண்டும் என்பது தரம். காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிப் பழசானால் அந்த வரம்பு 155 வரை இறங்கலாம். எனவே வண்டியை எடுக்கும்போது திரவம் எப்போது மாற்றியது என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

மற்றபடி, ஏறிய கியரிலேயே இறங்குங்கள். இன்ஜின் வேகத்தைப் பிடித்து வைக்கட்டும். பிரேக்கை விரலால் தடவிக்கொண்டே வராதீர்கள். வளைவுக்கு முன் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, விட்டுவிடுங்கள். டிஸ்க் ஆற நேரம் கிடைக்கும். நியூட்ரலில் உருட்டிப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் ஆட்களைப் பற்றி நான் எதுவும் சொல்வதாக இல்லை.

மஞ்சள்ஹெல்மெட்:
நான் ஓட்டுவதில்லை, எப்போதும் பின் இருக்கைதான். அந்தப் பக்கத்து நியாயத்தையும் கொஞ்சம் கேளுங்கள். இறக்கத்தில் ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் நாங்கள் உங்கள் முதுகில் வந்து மோதுவோம். அந்த எடை முழுவதும் உங்கள் மணிக்கட்டில் இறங்கும். உங்கள் மனைவியை ஒரு கையைப் பெட்ரோல் டேங்கில் ஊன்றிக்கொள்ளச் சொல்லுங்கள், மறு கை பின் கைப்பிடியில். கொண்டை ஊசியில் அவர் எதிர்ப்பக்கம் சாயாமல், திரும்பும் பக்கத்துத் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தால் போதும்.

அப்புறம் குளிர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும், அதாவது உச்சியில் பிராட்டோவைவிட ஏறத்தாழ 12 டிகிரி கம்மி. ஓட்டுபவருக்குச் சூடான கைப்பிடி இருக்கும், எங்களுக்கு அது கிடையாது. நல்ல கையுறை வாங்கிக் கொடுங்கள்!

வடகரை:
இருவருக்கும் நன்றி. பிராட்டோவிலேயே ஏறுகிறேன். ஒரு சந்தேகம்: வலது வளைவுக்குள் நுழைந்த பிறகு எதிரே கார் வந்து, நின்றே ஆக வேண்டும் என்றால்? மேலே போனதும் வண்டி இழுவை குறையும் என்கிறார்களே, அதனால் ஏற்றத்தில் திணறுமா?

பழையசெயின்:
நிற்க நேர்ந்தால் ஹேண்டில்பாரை நேராக்கிக்கொண்டு நில்லுங்கள். இடது காலை ஊன்றுங்கள், வலது கால் பின் பிரேக்கை விடவே கூடாது. வலது வளைவில் சாலை வலப்பக்கம் சரிந்திருக்கும். அந்தப் பக்கம் காலை நீட்டினால் தரை எட்டாது. கிளட்ச் பிடிக்கத் தொடங்குவது தெரிந்ததும் பிரேக்கை மெல்ல விடுங்கள், அவசரம் வேண்டாம். பின்னால் இருப்பவர் ஹாரன் அடித்தால் அடித்துக்கொள்ளட்டும்.

இழுவை குறையத்தான் செய்யும். 2,757 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் கிட்டத்தட்ட 72 சதவீதம்தான். ஃபியூயல் இன்ஜெக்ஷன் காற்று-பெட்ரோல் கலவையைச் சரிசெய்துகொள்ளுமே தவிர, இல்லாத காற்றைக் கொண்டுவராது. உங்கள் 700 சிசிக்கு அது பெரிய பாரம் இல்லை, ஒரு கியர் குறைத்தால் சரியாகிவிடும். பழைய கார்புரேட்டர் வண்டி என்றால்தான் பெட்ரோல் அதிகமாகிப் புகை கக்கும்.

போர்மியோ பக்கம் இறங்கும்போது குறுகலான சுரங்கப் பாதைகள் வரும். வெயிலிலிருந்து சட்டென்று இருட்டு, உள்ளே ஈரம். கறுப்புக் கண்ணாடி போட்ட ஹெல்மெட்டாக இருந்தால் நுழைவதற்கு முன்பே ஏற்றிவிடுங்கள்.

மஞ்சள்ஹெல்மெட்:
ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள், காலை சீக்கிரமே கிளம்புங்கள். சைக்கிள்காரர்கள் கூட்டம் கூட்டமாக ஏறுவார்கள், ஆடி ஆடித்தான் மிதிப்பார்கள், இடம் விட்டு முந்துங்கள். சைக்கிளுக்காகவே மோட்டார் வண்டிகளை நிறுத்திவைக்கும் நாளும் வருடத்தில் உண்டு. தேதியைப் பார்த்துவிட்டு விடுதியில் அறை போடுங்கள்.