டிஸ்க் கோல்ஃப் ஆட பெரிய முதுகுப்பை: எது வாங்கலாம்?

வணக்கம் நண்பர்களே. வட கரோலினாவில் சார்லட் பக்கம் இருக்கிறேன். ஞாயிறு தவறாமல் ஹார்னெட்ஸ் நெஸ்ட் பூங்காவில் டிஸ்க் கோல்ஃப், அதாவது தட்டு மாதிரி டிஸ்க்கை வீசிக் கூடையில் போடும் ஆட்டம். மூன்று வருடமாக ஒரே சின்னத் தோள்பைதான். 10 டிஸ்க் பிடிக்கும். இப்போது என்னிடம் 22 சேர்ந்துவிட்டன.

போன வாரம் பையின் அடித்தையல் விட்டுப்போய், ஏழாவது கூடைக்குப் போகும் வழியில் என் பழைய பட்டர் (கூடைக்குக் கிட்டே இருந்து வீசும் டிஸ்க்) எங்கேயோ நழுவி விழுந்துவிட்டது. காய்ந்த இலைகளைக் காலால் விலக்கி விலக்கி அரைமணி நேரம் தேடியும் கிடைக்கவில்லை. மனசே ஆறவில்லை.

டைனமிக் டிஸ்க்ஸ் ட்ரூப்பர், கிரிப் ஏஎக்ஸ்5 என்ற இரண்டு முதுகுப்பைகளையும் பார்த்து வைத்திருக்கிறேன். ட்ரூப்பர் விலை கம்மி. ஆனால் தூரம் வீசும் டிரைவரைவிட பட்டர் தடிமன் அல்லவா? என்னிடம் பட்டரும், நடுத்தூரம் வீசும் மிட்ரேஞ்சும்தான் அதிகம். இத்தனை டிஸ்க் பிடிக்கும் என்று நிறுவனம் சொல்கிற எண்ணிக்கை நிஜத்தில் கொள்ளுமா?

எடையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. டிஸ்க் ஒன்று சுமார் 170 கிராம் என்றால் 22-க்கே மூன்றே முக்கால் கிலோ. அப்புறம் 2 லிட்டர் தண்ணீர், துண்டு, மழைச்சட்டை, மகளுக்குத் தின்பண்டம். தோள்பட்டை வலிக்காமல் 18 கூடையும் சுற்றி வர வேண்டும். சக்கர வண்டி வேண்டாம், பாதை முழுக்க மரவேர்.

இரண்டு மூன்று வருடம் ஒரே பையைச் சுமந்தவர்கள் சொல்லுங்கள்: ஜிப்பும் அடிப்பாகமும் தாங்குகிறதா? ஈரச் செம்மண்ணில் வைத்தால் உள்ளே நனையுமா?